லிஃப்ட் விழுங்கிய செருப்பு

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்து மழை. முழங்கால் வலி. தினமும் பத்து வரி எழுதினால்தான் கை ஓடும் என்று மாலை வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். அறுபத்தொன்பது வயதில் முதன்முதலாக என் பெயரை நானே எழுதினேன். இன்று ‘லிஃப்ட்’ என்றும் எழுதிவிட்டேன். ஆய்த எழுத்தின் மூன்று புள்ளியும் சரியாக விழுந்தது. சந்தோஷம்.

ஆனால் அந்த லிஃப்டால்தான் சங்கடமே. தாராவி வீட்டை விட்டு, வடாலாவில் இந்தக் கட்டடத்தின் ஏழாம் மாடிக்கு வந்து எட்டு நாள். பேத்தி பவித்ராவுக்கு நாலரை வயது. லிஃப்டில் கால் வைக்க மாட்டாள். கதவு திறந்தாலே அலறல். பழைய வீட்டில் பரணுக்குப் போகும் இரும்பு ஏணியில் கை விட்டு ஏறினவள்.

வரும் திங்கள் அவளுக்குப் பால்வாடி திறக்கிறது. அன்றே மருமகள் லட்சுமிக்குத் தையல் கம்பெனியில் புது வேலை, காலை எட்டு மணிக்கு. மகன் ஐந்துக்கே டிராம்பே பஸ் ஏறிவிடுவான். பிள்ளையைக் கொண்டுவிட நான்தான். இன்று படியில் தூக்கி இறங்கிப் பார்த்தேன். மூன்றாம் மாடியில் உட்கார்ந்துவிட்டேன். நான் முடியாது என்றால் லட்சுமிக்கு வேலை போச்சு.

ஜூன் 10, செவ்வாய்
பவித்ராவுக்குக் கடலைச் சிக்கி கொடுத்தேன். தின்றாள். லிஃப்ட்? மாட்டாள். வடா பாவ். தின்றாள். மாட்டாள். அதட்டினேன்.

“ஏட்டி, ஊர்ப்பட்ட பிள்ளைக எல்லாம் போகுதுல்லா? ஒனக்கு மட்டும் என்ன?”

சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். லட்சுமிக்குக் கோபம்.

“பயப்படுத பிள்ளைய அதட்டுனா பயம் போயிருமா மாமா?”

“பின்ன நீயே ஒரு வழி சொல்லு.”

“எனக்குத் தெரிஞ்சா ஒங்ககிட்ட ஏன் விடுதேன்?”

நோட்டை எடுத்துக்கொண்டேன். வரிகள் மட்டும் நேராக வருகின்றன.

ஜூன் 11, புதன்
வெயில். நானே போய்க் காட்டலாம் என்று யோசனை. லட்சுமி பவித்ராவைப் பிடித்துக்கொண்டாள். நான் உள்ளே நின்று கையாட்டினேன். கதவு மூடியது. கீழே யாரோ கட்டில் ஏற்றினார்கள், தாமதம். திரும்பி வந்தால் பிள்ளை அழுது மூச்சு முட்டிக் கிடக்கிறது.

“தாத்தாவ முழுங்கிட்டு! தாத்தாவ முழுங்கிட்டு!”

நான் எதிரில் நின்றும் அழுகை நிற்கவில்லை. என்ன முட்டாள்தனம் செய்தேன். எழுதப் பிடிக்கவில்லை. எழுதினேன்.

ஜூன் 12, வியாழன்
கஞ்சி குடிக்கும்போது அவளாகச் சொன்னாள்.

“அன்னைக்கு அம்மா பீரோவோட உள்ள போனா. கதவு மூடிட்டு. பொறவு தொறந்துச்சி. அம்மா இல்ல. பீரோவும் இல்ல.”

குடிவந்த நாள். நாங்கள் எல்லாம் கீழே மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிள்ளையை யாரும் பார்க்கவில்லை. அழுததற்கு அடம் என்று பெயர் வைத்தோம். ஏன் என்று கேட்டவர் இல்லை. நானும்தான்.

“அம்மா மேல வந்திருப்பா, ஏட்டி.”

“நீ பாத்தியா?”

பார்க்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி
தூறல். “என் செருப்பு போயிட்டு வரட்டும்” என்றாள். இடது கால் ரோஸ் செருப்பை உள்ளே வைத்து, கீழ்த்தளத்துக்குப் பட்டனை அமுக்கிக் கையை எடுத்தேன். போனது. வந்தது, செருப்போடு. சிரித்தாள்! இன்னொரு தடவை. வந்தது. மூன்றாம் தடவை காலி.

நான் படியில் தட்டுத்தடுமாறி இறங்கினால் வாட்ச்மேன் கையில் செருப்பு. “அரே பாபா, லிஃப்ட் கிலோனா ஹை க்யா?” விளையாட்டுச் சாமானா என்று கேட்கிறார். வாங்கிக்கொண்டு மேலே வந்தேன்.

“அதுவா தந்துச்சா, நீ பிடுங்கினியா?”

“வாட்ச்மேன் எடுத்து வச்சிருந்தாரு.”

“அவரும் உள்ளதான் இருக்காரா?”

தலையில் அடித்துக்கொண்டேன்.

ஜூன் 14, சனி
எதையும் எடுக்க வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் கெஞ்சி வைத்தேன். போய் வந்தவை: கரண்டி, டப்பா, என் குடை. ஆறாம் மாடியிலிருந்து ஒரு தமிழ்க் குரல்: “யாருவே லிஃப்ட்டப் பிடிச்சு வச்சிருக்கது? ஒம்ம மாமனார் வீட்டுச் சொத்தா?”

எல்லாம் ஒழுங்காக வந்தும் பிள்ளைக்குத் திருப்தியில்லை.

“இதெல்லாம் அதுக்கு வேண்டாம். அதான் திருப்பித் தருது. ஒன் நோட்ட வை.”

இந்த நோட்டு. ஆறு மாத எழுத்து. முதல் பக்கத்தில் கோணலாக என் பெயர்.

“நோட்டு வேண்டாம்ட்டி.”

“பயமா இருக்கா தாத்தா?”

“ஆமா.”

தலையாட்டினாள். பெரிய மனுஷி.

ஜூன் 15, ஞாயிறு
பலத்த மழை. நோட்டை லிஃப்டில் வைத்துவிட்டேன். கதவு மூடியது. சிவப்பு எண்கள்: ஆறு, ஐந்து, நான்கு. மூன்றில் நின்றது. யாரோ ஏறுகிறார்கள். நோட்டை உதைத்துத் தள்ளுகிறார்களோ? அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“வந்துரும் தாத்தா.”

கீழே போனது. திரும்பி ஏறியது: ஒன்று, இரண்டு. வெகு நேரம். கதவு திறந்தது. தரையில் நோட்டு. அட்டையில் ஈரச் செருப்புத் தடம். நான் குனிவதற்குள் அவள் உள்ளே ஓடி எடுத்துவிட்டாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூலையில் நிற்கிறாள். முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனால் வெளியே வரவில்லை.

“அம்மாவயும் கூப்பிடு. முழுங்குனா எல்லாரையும் ஒண்ணா முழுங்கட்டும்.”

மாவுக் கையோடு லட்சுமி ஓடி வந்தாள். கதவு மூடியது. கீழே போகும்வரை அவள் நோட்டை விடவில்லை; கதவு திறந்தபோது மூவரும் இருந்தோம்.

நாளை லட்சுமி இருக்க மாட்டாள். நானும் பவித்ராவும்தான். வாசலில் செருப்பை எடுத்து வைத்திருக்கிறாள். இரண்டும் இருக்கிறதா என்று இதோடு மூன்று தடவை பார்த்துவிட்டேன்.