நுரையை முழுக்க விரட்ட மாட்டேன்

எதிர்த்துப் பேசுவதற்கென்றே எனக்குப் பின்னால் பிறந்த தம்பி சின்னுவுக்கு,

நீ போன பிறகு மண்ணரையில் இருக்கும் நம் சாயப்பட்டறையை உன் மனைவி சரசுதான் பார்த்துக்கொள்கிறாள். போன வாரம் கழிவுநீர்த் தொட்டியில் மறுபடியும் நுரை பொங்கியது. நீ வாங்கி வைத்த குளோரின் டிரம்மைக் காட்டி, "மொத்தமா ஊத்தீரலாங்களா மாமா? அவரு இருந்தா ஊத்தியிருப்பாருங்க" என்றாள்.

"ஊத்துவான். அடுத்த மாசம் மறுக்கா ஊத்துவான்" என்றேன். சிரித்துக்கொண்டே மூடியைத் திருகி மூடினாள்.

நமக்குள் இந்தச் சண்டை எத்தனை வருடம்! நுரை கிளப்பும் கிருமிகளும் அழுக்கைத் தின்னும் கிருமிகளும் ஒரே தொட்டியில் இடத்துக்கும் இரைக்கும் அடித்துக்கொள்கின்றன. மொத்தமாக ஊற்றினால் சாதுவானவை முதலில் சாகும். தப்பிய முரடுகளுக்குத் தொட்டி முழுவதும் சொந்தமாகிவிடும். தொட்டியோரம் நின்று நானாகக் கற்றது இது.

உன் புராஸ்டேட் புற்று எலும்புக்குப் பரவிய பின் டாக்டரம்மாவும் ஏறக்குறைய அதையே சொன்னார். "முழுசா அழிக்க முடியாதுங்க. பாதி குறைஞ்சதும் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம். மருந்துக்கு அடங்குற செல்லு கொஞ்சம் மிச்சமிருந்தா, அடங்காததைச் சீக்கிரம் வளர விடாது. இன்னும் சோதனையில இருக்கிற முறைதான். உறுதி சொல்ல மாட்டேன்."

நீ கேட்டாயா? "பாதிக் களையை எடுத்துப்போட்டு வரப்புல உக்காரச் சொல்றீங்களாம்மா?" என்றாய். நான் தொட்டியைப் பற்றிப் பேச்செடுத்ததும் என்மேல் பாய்ந்தாய். "என்ற ஒடம்பு சாயத்தொட்டி இல்லீங்கண்ணா!"

மாத்திரையை நிறுத்தவே இல்லை. புற்று சுருங்கியது. கிடா வெட்டி ஊரையே அழைத்தாய். என் இலையில் நீயே கறி போட்டு, "இப்ப என்னங்க சொல்றீங்க?" என்றாய். நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன். மழைக்காலம் முடிவதற்குள் அது திரும்பி வந்தது. இந்த முறை எந்த மருந்துக்கும் மசியவில்லை.

நிறுத்தியிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாயா? டாக்டரம்மாவிடம் கேட்டேன். "தெரியலீங்க ஐயா" என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நான் சொன்னதே சரி என்றுதான் இன்றும் சொல்வேன். மறுத்துப் பேசத்தான் ஆளில்லை.

கொஞ்சம் நோயோடு அரைகுறையாகவாவது இருந்திருக்கலாமே, கண்ணு. முழுசாக ஜெயிக்காவிட்டால் என்ன குறைந்துவிடும்?

குளோரினை அளந்து கொஞ்சமாகத்தான் விட்டேன். நுரை அடங்கி ஓரமாக ஒதுங்கிக் கிடக்கிறது. நான் இருக்கும்வரை அதை முழுக்க விரட்ட மாட்டேன்.

உன்னோடு இன்னும் சண்டை தீராத
அண்ணன்