எண்பத்து மூன்றாம் ஆண்டுப் பக்கம்

கொழும்பு
12.10.1996

அன்புள்ள விமலராஜ்,

பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்துத் திகைத்திருப்பாய். உன் அக்கா அற்புதமலரைக் கொட்டாஞ்சேனைக் கோயிலடியில் கண்டு விலாசம் வாங்கினேன். நீயும் மனைவி எமிலியானாவும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும்.

வருகிற வருடம் நம் நாட்டு வோட்டர் போலோ அணிக்கு இருபத்தைந்து வயது. சங்கம் வெள்ளிவிழா மலர் போடுகிறது. அணியின் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில். பழைய கூட்டக் குறிப்புகளைக் கறையான் தின்றுவிட்டது. எழுபத்தெட்டிலிருந்து கோல் காத்தவன் நீ. பம்பாய் அணியோடு ஆடிய முதல் ஆட்டத்தில் எத்தனை கோல் வாங்கினோம்?

உன் பழைய தோழன்,
குணரத்தினம்

*

பலெர்மோ
3.11.1996

மச்சான் குணா,

பதினேழு. ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்தால் போனது என்றும் சொல்வேன். நாங்கள் அடித்தது இரண்டு. இரண்டாவது உன்னுடையது, கண்ணை மூடிக்கொண்டு இடக்கையால் எறிந்தாய்.

இதையும் எழுது. நீச்சல் தடாகம் எங்களுக்குக் கிழமையில் ஒரு மணித்தியாலம்தான் கிடைத்தது. மற்ற நாட்களில் கடலில் இரண்டு மண்ணெண்ணெய்ப் பீப்பாக்களை மிதக்கவிட்டு அதுதான் கோல் என்றோம். அலையில் கால் உதைத்துப் பழகியதால்தான் பம்பாய்க்காரர் இருபதைத் தொடவில்லை. அடுத்த முறை ஒன்பது வாங்கினோம், அதற்கடுத்த முறை ஐந்து. தோற்றுத் தோற்றுத் தேறிய அணி அது.

என் பாடு குறைவில்லை. பெர்மெசோ, அதுதான் இத்தாலியின் வதிவிட அனுமதி, கையில் இருக்கிறது. சீசா என்ற பகுதியில் வீடு. எமிலியானா ஒரு பணக்காரச் சின்யோரா அம்மாவின் வீட்டில் வேலை செய்கிறாள். நான் நீச்சல் தடாகமொன்றைத் துப்புரவாக வைத்திருக்கிறேன். ஞாயிறுகளில் அங்கேயே நாற்பது தாண்டியவர்களின் அணிக்குக் கோல் காக்கிறேன். பல்லரோச் சந்தையில் மீன் விற்கும் ரொசாரியோ எறிகிற பந்தை இந்த ஊரில் தடுப்பவன் நான் ஒருவன்தான்.

எண்பத்து மூன்றை எப்படி எழுதப்போகிறாய்? எனக்குக் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடு.

விமல்

*

கொழும்பு
8.12.1996

அன்புள்ள விமல்,

நீ எழுதியதை அப்படியே சேர்த்துவிட்டேன். பீப்பாக் கதையை நான் வாசித்துக் காட்ட, எங்கள் கப்டன் விழுந்து விழுந்து சிரித்தார். உன்னை இன்றைக்கும் விசாரிக்கிறார். தான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை என்பது அவருக்கு மனவருத்தம்.

எண்பத்து மூன்று இப்படி வரும்: "ஓகஸ்டில் அணி சிங்கப்பூர் சென்றது. கோல் காப்பாளர் விமலராஜ் சொந்தக் காரணங்களால் விலகியிருந்தார்."

விழா மலர்தானே மச்சான். இதோடு விட்டுவிடுவோம்.

குணா

*

பலெர்மோ
29.12.1996

திரு. குணரத்தினம் அவர்களுக்கு,

எனக்கிருந்த சொந்தக் காரணம் என்ன என்று எனக்கும் எழுதித் தாரும்.

அந்த ஜூலைக் கலவரத்தில் வீடுகள் எரிந்த பிறகு நாம் இருவரும் ஒரே முகாமில் ஒரே பாயில் படுத்தோம். சிங்களவரான கப்டன் சோற்றுப் பார்சலோடு தேடி வந்து, தனக்குத் தெரிந்த தமிழில், "ரெண்டு பேரும் ரெடியா இருங்க, வெள்ளிக்கிழம நான் வாறது" என்றார். வெள்ளிக்கிழமை நான் தண்ணீர் வரிசையிலிருந்து திரும்பியபோது உம்மைக் காணவில்லை. உம்மை மட்டும் சிங்கப்பூர்ப் பயணத்துக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஒரு தமிழன் போதும் என்று அவர் நினைத்திருக்கிறார். அதனால்தான் அவருடைய கடிதங்களை நான் பிரிக்கவே இல்லை.

நடந்ததை எழுதும். முடியாதென்றால் அந்த மலரின் எந்தப் பக்கத்திலும் என் பெயர் இருக்கக்கூடாது.

விமலராஜ்

*

கொழும்பு
20.1.1997

விமல்,

கப்டன் இல்லை. நான்தான்.

அவர் முகாம் வாசலில் நின்று, "விமல் எங்க?" என்று கேட்டார். ஐம்பது மீற்றர் தூரத்தில் வாளியோடு நீ நின்றாய். உன் முதுகு எனக்குத் தெரிந்தது. "அவன் நேற்றே அகதிக் கப்பல்ல போயிட்டான்" என்றேன்.

வழியெல்லாம் மறித்துப் பெயர் கேட்டுக்கொண்டிருந்த நாட்கள். ஒரு தமிழன் என்றால் அணிக்குள் மறைந்து போய்விடலாம், இரண்டு பேர் என்றால் கண்ணில் படும் என்று பயந்தேன். தப்புகிறவன் நானாக இருக்கட்டும் என்று நினைத்தேன். வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

இதை எழுதி, கீழே என் பெயரைப் போட்டுச் சங்கத்திடம் கொடுத்தேன். இது விழா மலர் என்று சொல்லி அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். அப்படியென்றால் முழுவதையும் திருப்பித் தாருங்கள் என்று வாங்கிவந்துவிட்டேன். மலர் வரலாறு இல்லாமல் வரும். கையெழுத்துப் பிரதியை உனக்கு அனுப்புகிறேன். கப்டனிடமும் நேரில் போய்ச் சொன்னேன். அவர் தன் தொலைபேசி இலக்கத்தைக் கடைசித் தாளில் எழுதித் தந்தார்.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை.

குணரத்தினம்

*

பலெர்மோ
16.2.1997

குணா,

பார்சல் வந்தது. எமிலியானா வாசித்துவிட்டு, "இந்த ஆளுக்கு ஒரு வரியும் எழுதாதேங்கோ" என்றாள். மூன்று நாள் எழுதவில்லை.

நாலாம் நாள் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையிலிருந்து கப்டனுக்குத் தொலைபேசி எடுத்தேன். "விமல், நான் ஹாபருக்கும் போய்த் தேடினது. கப்பல் போயிட்டது என்று சொன்னது" என்றார். ஒரு நல்ல மனிதனைப் பதின்மூன்று வருடம் வெறுத்திருக்கிறேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பாவமும் உன்னால் வந்ததுதான்.

ஞாயிறு ஆட்டம் முடிந்து உடுப்பு மாற்றும் அறையில், நீ எழுதியதை எல்லோருக்கும் இத்தாலி மொழியில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். பதினேழு கோலுக்குச் சிரித்தார்கள். எண்பத்து மூன்று வந்ததும் துவாயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். பிறகு ரொசாரியோ, "இதை அவனே எழுதினானா?" என்று கேட்டான். அவனேதான் என்றேன்.

அன்றைக்கு நீ தண்ணீர் வரிசைக்கு வந்து, "பயமாக் கிடக்கு மச்சான், நான் மட்டும் போகட்டோ?" என்று கேட்டிருந்தால், போ என்றுதான் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இருக்கிறது. அது சுலபத்தில் போகாது.

ஆனால் உன் வரலாற்றில் இன்னொரு குறையும் உண்டு. நம் அணி முதன்முதலாக வென்றது அந்தச் சிங்கப்பூர்ப் பயணத்தில். அதை "ஆறுக்கு ஐந்து" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். யார் அடித்தான், யார் தடுத்தான், கடைசி நிமிடம் எப்படிப் போனது, ஒன்றும் இல்லை. ரொசாரியோ கேட்டான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு நோகும் என்று விட்டாயோ, வெட்கத்தில் விட்டாயோ. ஐந்து வருடம் அந்த அணிக்காகக் கோல் வாங்கியவன் நான். அந்த வெற்றி எனக்கும் சொந்தம்.

ஆறையும் எழுது, ஐந்தையும் எழுது. ஒன்றையும் விடாதே.

விமல்