உம்மாட முழங்காலில் தேய்த்த எண்ணெய்

என் உசிரான நானாவுக்கு,

மையவாடிக்கு வந்து உங்களை அடக்கின இடத்துல ஸலாம் சொன்னா அதுக்கு மேல வாய் வருதில்ல. அதான் உங்கட தம்பி எழுதுறேன்.

கட்டுகஸ்தோட்டையில நம்ம வெல்டிங் கடை இன்னும் ஓடுது. மெஷின் சூடு தணிய நீங்க ஊத்துவீங்களே, ட்ரான்ஸ்போமர்ல கழிச்ச பழைய எண்ணெய், அதை மட்டும் நிப்பாட்டிட்டேன். நீங்க மவுத்தான பிறகு கம்பஸ்ல இருந்து டொக்டர்மார் வந்து வெல்டிங்காரங்கட ரத்தம் எடுத்தாங்க. அந்த எண்ணெயில ஒரு ரசாயனம் ஈக்காம். தோலால உள்ள போய்க் கொழுப்புல தங்கிடுமாம், லேசுல வெளிய வராதாம். வீட்டாக்கள்ட ரத்தமும் கேட்டாங்க. உம்மாவும் கையை நீட்டினா.

முடிவு வந்தது. கடைப் பக்கமே வராத உம்மாவுக்கு என்னைவிட அது கூடுதலா ஈந்தது!

"இவங்க என்ன வேலை செய்றாங்க?" என்று டொக்டர் கேட்டா. அப்பதான் எனக்கு நினைவு வந்தது. மழை நாள்ல உம்மா முழங்கால் இழுக்குதுன்னு அழுதா, அதே எண்ணெயைத்தானே நீங்க தேய்ச்சு விட்டீங்க? வாதத்துக்கு நல்லதுன்னு ஊரே சொன்னது. நாமளும் நம்பினோம்.

நானா, உங்கட ஈரலைத் தின்னதும் அதுதானா? டொக்டர்ட்ட கேட்டுப் பாத்தேன். "அவர்ட ரத்தம் எங்ககிட்ட இல்லையே, எப்படிச் சொல்றது?" என்றா. உம்மாவுக்கு இனி என்ன வரும்? பாத்துக்கிட்டே இருக்கணுமாம். என்ன மண்ணாங்கட்டியைப் பாக்குறது!

உம்மா ஒரு போத்தல் எண்ணெயை அலுமாரிக்குள்ள பத்திரப்படுத்தி ஈக்கா. நேத்து அதை எடுக்கப் போனேன். கையைப் பிடிச்சிட்டா.

"வைங்க மகன். அது என்ட புள்ள தேய்ச்ச எண்ணெ."

மறைக்கத்தான் நினைச்சேன். மறைச்சா இன்னும் தேய்ப்பாவே. எல்லாத்தையும் சொல்லிட்டேன். உங்களைக் குறை சொல்றேன்னு ஏசுவாவோன்னு பயந்தேன். ஏசல்ல. கட்டில்ல உக்காந்து முழங்காலைத் தடவிப் பாத்தா. பிறகு மெதுவாக் கேட்டா:

"எனக்கு முழங்கால்ல மட்டுந்தானே மகன் பட்டது? அவன் வெறுங்கையால தேய்ச்சானே. அவனுக்குள்ள எவ்வளவு போயிருக்கும்?"

போத்தலை அவவே என் கையில தந்தா.

இனி நம்ம கடையில ஒருத்தரையும் அந்த எண்ணெயைத் தொட விடமாட்டேன் நானா. உம்மாட ரத்தம் எப்ப எடுத்தாலும் பக்கத்துல நான் ஈப்பேன். நீங்க கபுறுல நிம்மதியா ஈங்க.

உங்கட ஒரே தம்பி,
உம்மாவுக்கு மிஞ்சின மகன்