மந்திரியின் இடது காது

ஜூன் 8, சனி
எங்கள் நாய் மந்திரியின் இடது காதில் புளித்த மாவு வாடை. பழங்காநத்தமே மூக்கைப் பொத்திக்கொண்டு குடிபெயர்ந்துவிடும் போலிருக்கிறது. தலையை உதறுகிறான், அந்தக் காற்றில் தினசரிக் காலண்டரில் நாலு தாள் கிழிந்தது. வழக்கம்போல எனக்கும் அவனுக்கும் எண்ணெய்க் குளியல்.

என் மனைவி பாண்டீஸ்வரி மூக்கில் முந்தானையோடு தீர்ப்புச் சொன்னாள்: "மாசக் கடைசிக்குள்ள நாத்தம் போகல, நம்ம திருவாதவூர் தோப்புல கொண்டுபோய்க் கட்டிட்டு வந்துருங்க."

அவள் சொல்லி நடக்காதது எதுவுமில்லை.

ஜூன் 10, திங்கள்
அலங்காநல்லூரிலிருந்து என் கூட்டாளி சோணை வந்தான். ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவன்; ஆகவே பூமியிலுள்ள நாலுகால் அத்தனைக்கும் வைத்தியன். எட்ட நின்றே கண்டுபிடித்துவிட்டான்.

"உண்ணிதான் மாப்ள. நல்லெண்ணெயில பூண்டத் தட்டிப் போட்டுக் காச்சி, ஆறவச்சு ஊத்து."

ஊற்றினேன்.

ஜூன் 12, புதன்
வாடை கூடியிருக்கிறது. போதாக்குறைக்குப் பூண்டு வேறு.

ஜூன் 13, வியாழன்
காதைத் தொட்டதும் அலறினான். கடிக்க வந்தான் — என்னையா? என் தட்டிலிருந்து முட்டை தின்கிறவன். செவிடாகிவிடுவானோ?

ஜூன் 14, வெள்ளி
கால்நடை டாக்டர் முத்துமீனா விளக்குக் குழாயைக் காதுக்குள் விட்டுப் பார்த்தார். "காதுச் சவ்வு நல்லாருக்கு. உண்ணியக் காணோம்."

பஞ்சுக் குச்சியால் அழுக்கெடுத்து, கண்ணாடியில் தேய்த்து, சாயம் தோய்த்து, மைக்ரோஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில் உரிக்காத நிலக்கடலை. ஜில்லா முழுக்க வறுத்துத் தின்றாலும் தீராது.

"ஈஸ்ட்டுண்ணே, ஒரு வகைப் பூஞ்சை. கொஞ்சம் எல்லா நாய்க்கும் இருக்கும். ஈரமும் எண்ணெயும் கிடைச்சா இப்படிப் பெருகிரும். யாரு எண்ணெய் ஊத்துனது?"

மந்திரி என்னைப் பார்த்தான். நான் சுவரிலிருந்த பசுமாட்டுப் படத்தைப் பார்த்தேன்.

"எண்ணெய்க் குளியலும் உண்டுங்க. சனிக்கிழமை தவறாம."

"நீங்க குளிங்க. அவன விட்ருங்க."

கழுவ ஒரு மருந்து, விட ஒரு சொட்டு மருந்து.

ஜூன் 15, சனி
எண்ணெய் எனக்கு மட்டும். மருந்துப் பாட்டிலைக் கண்டாலே எண்ணெய்க் கிண்ணம் என்று நினைத்துக் கட்டிலுக்கடியில் ஓடுகிறான். என் பேச்சுக்கு இந்த வீட்டில் இருந்த ஒரே மரியாதையும் போனது. பிஸ்கட்டைக் காட்டிச் சமாதானம் பேசினேன்.

ஜூன் 22, சனி
இன்று அவனாகவே காதைக் காட்டினான்.

ஜூன் 28, வெள்ளி
மறுபடி மைக்ரோஸ்கோப். கடலை விளைச்சல் பொய்த்துவிட்டது, ஒன்றிரண்டுதான்.

ஜூன் 30, ஞாயிறு
கெடு முடிந்தது. நான் ஞாபகப்படுத்தவில்லை. மதியம் கறிச்சோறு பரிமாறிக்கொண்டிருந்த பாண்டீஸ்வரி, மந்திரியை இழுத்து, காதைத் தூக்கி மோந்து பார்த்தாள். எனக்கென்று எடுத்து வைத்திருந்த நல்லி எலும்பு அவன் தட்டுக்குப் போனது.