தட்டிப் பார்த்த ஹெல்மெட்

இன்று காலை மண்டிக்கு ஒரு அட்டைப்பெட்டி வந்தது. பிரித்ததும் தெர்மோகோல் வாசனை குப்பென்று அடித்தது. சுற்றிலும் தர்பூசணி, வைக்கோல், அழுகல் என்று இத்தனை வாடை இருந்தும் அது மட்டும் தனியாக மூக்கில் ஏறியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மேஜைமேல் இதே மாதிரி ஒரு பெட்டியை நீ பிரித்தாய். பொன்மலையில் வேலை முடிந்து, ஸ்ரீரங்கத்துக்கு வீடு திரும்பாமல், நேரே காந்தி மார்க்கெட்டுக்கு வந்து நின்றாய்.

நாற்பத்தைந்து வயதில் உனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. கூட்டமாக ஓட்டும் சைக்கிள் பந்தயம்கூட இல்லை. ஆளாளுக்குத் தனியாக அனுப்பி நேரத்தை மட்டும் பார்க்கும் டைம் ட்ரையல். நாற்பது கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், ஒரே ஒரு தடவை போதும் என்பாய். விடிந்ததும் கல்லணை ரோட்டில் நீ மிதிக்க, நான் ஸ்கூட்டரில் செல்போனில் நேரத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் வருவேன். எப்போதும் ஒரு நிமிஷம் கூடிவிடும்.

"காலைக் குறை சொல்ல முடியாது பாய். தலைதான் காத்தைப் புடிச்சு இழுக்குது" என்றாய் ஒரு நாள். பின்பக்கம் வால் நீண்டு, மாங்கொட்டையைக் கவிழ்த்தது போல ஒரு ஹெல்மெட் இருக்கிறதாம். அதற்காக இரண்டு பேரும் தில்லை நகர்க் கடைகளில் ஏறி இறங்கினோம். "அதெல்லாம் இங்க ஓடாதுங்க" என்று எல்லோரும் சாதா ஹெல்மெட்டையே எடுத்து வைத்தார்கள். பெங்களூருக்குப் போன் போட்டுக் கேட்டதில் உன் சம்பளத்தில் பாதியைச் சொன்னார்கள். போனை வைத்துவிட்டு, "விடு பாய், பொண்ணைக் காலேஜ்ல சேக்கணும்" என்றாய். அத்தோடு விட்டிருக்கலாம்.

நான்தான் விடவில்லை. விலை பேசுவதில் என்னை மிஞ்ச மார்க்கெட்டில் ஆள் இல்லை என்ற திமிர். "நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்" என்று செல்போனில் தேடித் தேடி ஒருவனைப் பிடித்தேன். அதே உருவம், அதே கம்பெனிப் பெயர், விலை கால்வாசி. அதிலும் பேசிக் குறைத்தேன். அன்று ராத்திரி பிரியாணி இன்னும் ருசியாக இருந்தது எனக்கு.

பெட்டியைப் பிரித்ததும் நீ அதைத் தலையில் வைக்கவில்லை. என்னிடம் நீட்டி, "தட்டிப் பாரு பாய். நீ தட்டிட்டா போதும்" என்றாய். முப்பது வருஷமாகத் தர்பூசணியைத் தட்டியே பழம் எது, காய் எது என்று சொல்கிறவன் நான். விரல் கணுவால் இரண்டு தட்டுத் தட்டி, "முதல் தரம்" என்றேன். நீ அதை மாட்டிக்கொண்டு மண்டிக்குள் குனிந்து நிமிர்ந்து நடந்தாய். மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள்.

ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. உள்பக்கம் பாதுகாப்பு முத்திரை என்று ஒரு ஸ்டிக்கர் இருந்தது. அதன் ஓரம் பெயர்ந்திருந்தது. உள்ளூர்க் குடோனில் உட்கார்ந்து ஆப்பிளுக்கு வெளிநாட்டு ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். எனக்குத் தெரியாதா? தெரிந்தது. கட்டை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டு உன்னிடம் கொடுத்தேன்.

கல்லணை ரோட்டில் ஆடு குறுக்கே வந்தது. நீ விழுந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். எத்தனையோ பேர் இதைவிட மோசமாக விழுந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு எழுந்து போகிறார்கள். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்தத் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டது உன் மனைவிதான். "நல்ல ஹெல்மெட்டுதானேண்ணே அது?"

"ஆமா தங்கச்சி. ஒசந்தது."

"அப்ப அவர் விதி அவ்வளவுதான்" என்று தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டது. அந்த விதியைப் பிடித்துக்கொண்டுதான் இன்றுவரை அந்த வீடு ஓடுகிறது. அதை எப்படிப் பிடுங்குவேன்? மாலை போட்ட உன் படத்திலும் அந்த ஹெல்மெட்தான் இருக்கிறது. ஸ்ரீரங்கத்துக்குப் போகும்போதெல்லாம் அதற்குக் கீழே உட்கார்ந்துதான் காபி குடிக்கிறேன். அல்லாஹ்விடம் அழுது சொல்லிவிட்டேன். உன் வீட்டில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்கு எழுதுவது சுலபம், நீ திருப்பிக் கேட்க மாட்டாய்.

போன மாதம் உன் மகள் வந்தாள். உன் சைக்கிளை இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். காலேஜ் சார்பில் டைம் ட்ரையலுக்குப் போகிறாளாம். "அப்பாவுக்கு வாங்கிக் குடுத்தீங்கள்ல பாய் மாமா, அதே மாதிரி எனக்கும் ஒண்ணு பாருங்க. வெலை பேச உங்களாலதான் முடியும்" என்றாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஏன் என்று கேட்டாள். உண்மையைத் தவிர வேறு காரணம் இல்லை, அதனால் சரி என்றேன்.

பெங்களூருக்குப் போன் போட்டேன். சொன்ன விலைக்கு மறுபேச்சு இல்லை. பேரம் பேசாமலே பணம் போட்டுவிட்டாரே, பாய்க்கு என்ன ஆச்சு என்று மண்டியில் கேலி செய்தார்கள். காலையில் பெட்டி வந்ததும் அவளுக்குச் சொன்னேன். கைலாசபுரத்தில் தோழி வீட்டில் இருந்தவள் பஸ் பிடித்து வந்துவிட்டாள்.

"எவ்ளோ கொறைச்சீங்க?"

"பாதிக்குப் பாதி."

சிரித்தாள். அப்படியே உன் சிரிப்பு. அப்புறம் ஹெல்மெட்டைத் தலையில் வைக்காமல் என்னிடம் நீட்டினாள்.

"தட்டிக் குடுங்க பாய் மாமா. நீங்க தட்டிட்டா போதும்னு அப்பா சொல்வாரு."

ஸ்டிக்கரை நகத்தால் நெருடிப் பார்த்தேன். பெயரவில்லை. பிறகு தட்டினேன், காதைப் பக்கத்தில் வைத்து, மறுபடியும் தட்டினேன். இது அசல். ஆனால் உன்னுடையதைத் தட்டியபோது கேட்ட அதே சத்தம்தான் கேட்டது, ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. முப்பது வருஷமாக நான் கற்று வைத்திருந்தது அவ்வளவுதான்.

"முதல் தரம்" என்றேன். அவள் நம்பிக்கையோடு மாட்டிக்கொண்டாள்.