மண்ணில் புதைத்த மாங்கனி

14 ஆகஸ்ட் 1979, செவ்வாய்

என் வீட்டுக்காரர் இன்று வாங்கி வந்த சிறுபத்திரிகையில் ஒரு புதுக்கவிதை இருந்தது. எழுதியவர் பெயர் கேள்விப்படாதது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியின் மடியில் மாங்கனித் திருவிழாவில் இறைக்கிற பழம் வந்து விழுகிறது. 'கைக்கு வந்த கனியை மண்ணுக்கு ஊட்டினாள்' என்று முடிகிறது.

அது நான்தான். பிள்ளை வரம் வேண்டி எல்லோரும் முண்டியடித்துப் பிடிக்கிற பழம். பாப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இன்னொன்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கிணற்றடியில் புதைத்து, மேலே தினமும் அடுப்புச் சாம்பலைக் கொட்டி மறைத்து வருகிறேன். யாரிடமும் மூச்சு விடவில்லையே!

மாடியில் குடியிருக்கும் காலேஜ் வாத்தியார் கவிதை எழுதுகிறவர். நேரே போய்க் கேட்டுவிட்டேன்.

"சார், மாடியிலேருந்து எங்க கொல்லையைப் பாப்பீங்களா?"

"ஐயோ, என்னங்க இது! என் ஜன்னல் தெருப் பக்கம்ல இருக்கு."

அது உண்மைதான். அடுத்த வீட்டு ராஜம் மதில் மேல் எட்டிப் பார்க்கிற ரகம். ஆனால் அவளுக்குக் கவிதை எங்கே வரும்? வாத்தியாரிடம் போய்ச் சொல்லியிருப்பாளோ? என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழலாமென்றால், பாப்பாவை எடுத்துக்கொண்டு போன அன்றுகூடக் கண் கலங்காத மனுஷன்.

ராத்திரி சாப்பிடும்போது இவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "கெணத்தடியில இனிமே சாம்பலைக் கொட்டாத. முளை விட்டிருக்கு."

மறுபடி எடுத்துப் படித்தேன். கவிதையில் கிணறே வரவில்லை.