செல்லபாயின் ஞாயிற்றுக்கிழமை

1998 ஏப்ரல் 20, திங்கள்

இன்று நாற்பது பக்க நோட்டு மட்டுமே முந்நூறு கட்டு. விரலெல்லாம் சணல் அறுத்த கோடு. பள்ளி திறக்க இன்னும் ஆறு வாரம். குடோனில் இப்போதே கால் வைக்க இடமில்லை. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள்தான் எங்களுக்கு வேலை. பத்துப் பெண்கள். எண்ணுவது, கட்டுவது, சீட்டு ஒட்டுவது. சீட்டில் ஆங்கிலத்தில் எழுதுவது நான். அதனால் 'பி.ஏ. அக்கா'. மகள் ஸ்ரீப்ரியா கல்யாணமாகிப் போனபின் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் வந்தேன். இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

திங்கட்கிழமை என்றால் செல்லபாயைக் கேலி செய்யும் நாள். அவள் கணவர் ஜெயனுக்குக் கொச்சியில் ரொட்டி சுடும் வேலை. சனிக்கிழமை சாயங்கால வண்டியில் தம்பானூர் ஸ்டேஷனில் வந்து இறங்குவார், ஞாயிறு ராத்திரி வண்டியில் திரும்பிவிடுவார். பத்தொன்பது வருஷமாக வாரத்துக்கு ஒரு நாள் குடித்தனம்.

"நேத்து என்ன கறி?" என்று சூடாமணி ஆரம்பித்தாள்.

"அவியதான் வச்சாவ. நான் ஒக்காந்து பாத்தேன்."

ஞாயிற்றுக்கிழமை சமையல் ஜெயன்தானாம். பத்துப் பேரும் சிரித்ததில் எண்ணிக்கை தவறி, ஒரு கட்டைப் பிரித்து மறுபடி எண்ணினோம்.

நான் இவரோடு, என் வீட்டுக்காரரோடு, ஏழு நாளும் இருக்கிறேன். ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்திருக்கிறேனா?

ஏப்ரல் 24, வெள்ளி

மானேஜர் சேஷன் சார் ஒரு தாளைக் கொண்டுவந்து முதலில் என்னிடம் நீட்டினார். கோட்டைப் பக்கத்து அக்கிரகாரத்துக்காரர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். சீசன் வேலைக்கு ஒரு சம்மதம், அவ்வளவுதான், படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கோ என்றார். மலையாளத்தில் ஒரு முழுப் பக்கம், டைப் அடித்தது. மேலிருந்து கீழே பார்வையை ஓட்டினேன். கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பின்னால் ஒன்பது பேரும் வரிசையாகப் போட்டார்கள்.

ஏப்ரல் 25, சனி

மனது சரியில்லை. காரணம் தெரியும். எழுதத் துணிவில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

சுவரில் நோட்டீஸ். சேஷன் சாரே வாசித்துச் சொன்னார். மே மூன்றாம் தேதி முதல் பள்ளி திறக்கும்வரை செவ்வாயும் ஞாயிறும் எல்லோரும் கட்டாயம் வரவேண்டும். இரண்டு தடவை வராதவர்கள் பெயர் நீக்கப்படும்.

செவ்வாய்க்கிழமைகளில் சூடாமணி ஒரு வீட்டில் சமையல் செய்கிறாள். வேறு இரண்டு பேருக்குத் தையல் கடை. மூன்று நாள் வேலை என்றால் மற்ற நாளெல்லாம் சும்மா கிடக்கிறது என்று முதலாளி நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

ஞாயிறு வர முடியாது என்று செல்லபாய் சொன்னாள். சேஷன் சாருக்கு நிஜமாகவே ஆச்சரியம். "எல்லாரும் சம்மதிச்சுத்தானே கையெழுத்துப் போட்டேள்? மங்கலம் படிச்சுட்டுத்தானே முதல்ல போட்டா?" என்று என்னைப் பார்த்தார். ஒன்பது முகமும் என் பக்கம் திரும்பின. நான் குனிந்து சணலை இழுத்துக் கட்டினேன்.

பிறகு குழாயடியில் செல்லபாய் கேட்டாள்: "எக்கா, வாசிச்சிட்டா போட்டிய? எனக்க ஞாயித்துக்கெழம ஒங்களுக்குத் தெரியும்லா."

நான் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன். அவள் இன்னொரு தடவை கேட்கவில்லை.

சரி, இங்கேயாவது எழுதுகிறேன். எனக்கு மலையாளம் வாசிக்க வராது. நான் மலையாளம் பேசுவதைக் கேட்டு நாகர்கோவில்காரி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எழுத்து? கூட்டிக் கூட்டி ஒரு வரி முடிக்க ஐந்து நிமிஷம். பஸ் போர்டில் ஊர்ப்பெயரைப் படம்போல அடையாளம் வைத்துத்தான் ஏறுகிறேன். இந்த மலையாள ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். முதல் வருஷமே யாரிடமாவது கேட்டுப் படித்திருக்கலாம். இரண்டாம் வருஷம் வெட்கமாகிவிட்டது. அப்புறம் அது ஒளித்துவைக்கிற சமாச்சாரமாகிவிட்டது. பத்துப் பேர் முன்னால் பி.ஏ. அக்கா விரல் வைத்து எழுத்துக் கூட்டுவதா?

அந்த வெட்கத்துக்காக அவளுடைய ஒரே நாளைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 29, புதன்

செல்லபாய் இன்று என் பக்கத்தை விட்டு, சூடாமணி பக்கத்தில் உட்கார்ந்து கட்டினாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

மதியம் எல்லோருமாக வேலாயுதன் அண்ணனைப் பார்க்கப் போனோம். குடோன் வாசலில் லாரியில் சுமை ஏற்றி இறக்குகிறவர்களுக்கு யூனியன் உண்டு. அவர்தான் இங்கே அதற்குப் பொறுப்பு. உள்ளே கட்டுகிற எங்களுக்கு ஒன்றும் கிடையாது. மூன்று நாள் ஆட்களைச் சேர்க்கிற வழக்கமில்லை என்றார்.

"மூணு நாள்ல நாங்க கெட்டுற கெட்டத்தான அண்ணே நீங்க ஆறு நாளும் சொமக்கிறிய?" என்றாள் சூடாமணி.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யூனியன் ஆபீஸில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா ஒப்பு போட்டாச்சல்லோ சேச்சி. வாசிச்சு ஒப்பு போட்ட பேப்பரை வச்சிட்டு நான் அங்கே போய் எந்தா பேசுறது?"

அந்தக் கையெழுத்தைத்தான் சொல்கிறார். அவரும் என்னைத்தான் பார்க்கிறார். படித்தவள்.

மே 1, வெள்ளி

மே தின விடுமுறை. சாலைக் கடைத்தெரு வழியே ஊர்வலம் போனது. மாடி ஜன்னலில் இரண்டு பேரும் நின்று பார்த்தோம். போகிற தட்டிகளில் எழுதியிருந்ததை இவர் வழக்கம்போல ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தார். எல்லாவற்றையும் வாசிக்கணுமா என்று எரிந்து விழுந்தேன். உடனே அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன் — தாள், கையெழுத்து, செல்லபாய் இடம் மாறி உட்கார்ந்தது. வாசிக்க வராது என்பதையும்.

இவர் தெருவைப் பார்த்தபடியே, "அது எனக்குத் தெரியும்லா" என்றார்.

"எப்பம் இருந்து?"

"வந்த வருசமே. ரேஷன் கார்டத் தலகீழாப் பிடிச்சிட்டு நின்னல்லா."

காலையில் பேப்பர், கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை, மருந்து டப்பா — இருபத்திரண்டு வருஷமாக எல்லாவற்றையும் சத்தமாக வாசிக்கிறாரே, அது இவர் சுபாவம் என்றல்லவா நினைத்தேன். எத்தனை தடவை திட்டியிருக்கிறேன், தொணதொணப்பு என்று! கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கிற மனுஷர். ஒரு நாளாவது சொல்லிக் காட்டினாரா?

ஏன் கேட்கவில்லை என்றேன். "நீயாச் சொல்லுவன்னு இருந்தேன் ளா."

செல்லபாயிடம் சொல்லவேண்டும் என்றேன். செல்லபாயிடம் மட்டும் சொன்னால் போதாது என்றார்.

மே 3, ஞாயிறு

போனேன். ஒன்பது பேர் வந்தோம், செல்லபாய் வரவில்லை. சேஷன் சார் ரெஜிஸ்டரில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ஒரு சுழி போட்டார். அடுத்த ஞாயிறும் விழுந்தால் பெயர் போய்விடும். இன்றே சொல்லியிருக்கலாம். அவள் இல்லாமல் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே ஒரு சாக்கு.

மே 4, திங்கள்

சொல்லிவிட்டேன்.

மதியம், யாரும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும் முன் எழுந்து நின்றேன். எழுந்து நின்றதே தப்பு, மேடைப் பேச்சு மாதிரி ஆகிவிட்டது. "எனக்கு மலையாளம் வாசிக்க வராது. அன்னைக்கு அந்தத் தாளை நான் வாசிக்கல. வெக்கப்பட்டுக்கிட்டுப் போட்டேன். நீங்க என்னைப் பாத்துப் போட்டிய." இவ்வளவுதான் வந்தது. ராத்திரி முழுக்கச் சேர்த்துவைத்த மற்ற வாக்கியங்கள் எங்கே போயினவோ.

செல்லபாய் மெதுவாகக் கேட்டாள்: "எனக்கு வாசிக்கத் தெரியும்லா எக்கா? பாறசாலையில ஏழாங்கிளாஸ் வரைக்கும் மலையாளந்தான படிச்சேன். நீங்க வாசிச்சாச்சுன்னுதான் நான் வாசிக்கல."

வாசிக்கத் தெரியாதவள் வாசித்தாள் என்று நம்பி, தெரிந்தவள் வாசிக்காமல் போட்டிருக்கிறாள். சூடாமணிதான் முதலில் சிரித்தாள்.

"கோவம் உண்டா?" என்று கேட்டேன்.

"வாசிச்சிட்டும் குடுத்திட்டியேன்னுதான் தாங்கல. வாசிக்காம குடுத்தது ஒண்ணுமில்ல." தன் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மரச்சீனிக் கிழங்கில் பாதி என் மூடிக்கு வந்துவிட்டது. வேண்டாம் என்றால் கேட்கிற ஆளில்லை.

மே 5, செவ்வாய்

கட்டாய நாள். சூடாமணி வரவில்லை. ரெஜிஸ்டரில் இரண்டாவது சிவப்புச் சுழி, இது அவள் பெயருக்கு.

மே 6, புதன்

வேலாயுதன் அண்ணன் ரசீதுப் புத்தகத்தோடு வந்தார். மூன்று நாள் ஆட்களைச் சேர்க்கக்கூடாது என்று சட்டதிட்டத்தில் எங்கேயும் இல்லையாம். இதுவரை யாரும் கேட்டதில்லை, அதுதான் வழக்கமாகிவிட்டது என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் குற்ற உணர்ச்சி. பத்துப் பேரும் சேர்ந்தோம். லேபர் ஆபீஸில் புகார் கொடுத்தாகிவிட்டது, சீசன் என்பதால் வெள்ளிக்கிழமையே கூப்பிடுகிறார்கள்.

"சூடாமணி சொல்லி எனக்கும் தெரியும். வாசிக்காம ஒப்பு போட்டதை சேச்சியே ஆபீஸர் முன்னாலே சொல்லணும். முதலாளி ஆளும் இருப்பாங்க. சொல்லுமோ?"

"சொல்லும்" என்றேன், அவர் பாணியிலேயே.

மே 8, வெள்ளி

ஆபீஸர் என்னைவிடச் சின்ன வயதுப் பெண். முதலாளி வரவில்லை; சேஷன் சார் தாளைக் கோப்பில் வைத்து, ரெஜிஸ்டரோடு கொண்டுவந்திருந்தார். நான் சொன்னேன். மூன்றாவது தடவை சொல்கிறேன். வெட்கம் பாதிதான் மிச்சமிருந்தது. கேட்டுவிட்டு ஆபீஸர் தாளை எடுத்து, இதை உரக்க வாசிக்கத் தெரிந்தவர் யாராவது உண்டா என்றார்.

செல்லபாய் எழுந்து வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பைபிள் வாசிக்கிற பழக்கம் அவளுக்கு; நிறுத்தி, தெளிவாக, கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். எப்போது கூப்பிட்டாலும் எந்த நாளும் வரச் சம்மதம் என்று அந்தக் கடைசி வரியில்தான் எழுதியிருந்தது. முடித்துத் தாளை மேஜையில் வைத்தாள். "இப்பம் வாசிச்சாச்சு மேடம். ஒப்பு போடமாட்டேன்."

ஆபீஸர் சிரிப்பை அடக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முடிவு இது: கூடுதல் நாள் வேண்டுமென்றால் இரண்டு நாள் முன்பு யூனியனிடமும் ஒவ்வொருவரிடமும் கேட்கவேண்டும். முடியாது என்றால் அது முடியாதுதான், பெயரில் கைவைக்கக் கூடாது. இரண்டு சுழியையும் சேஷன் சார் அங்கேயே அடித்தார்.

வெளியே வராந்தாவில் என்னிடம் வந்தார். "என்கிட்டச் சொல்லியிருந்தா நானே வாசிச்சுக் காட்டியிருப்பேனே, மங்கலம்" என்றார். மனத்தாங்கலாகத்தான் சொன்னார். வாசித்துக் காட்டியிருப்பார். கடைசி வரியையும் வாசித்திருப்பாரா?

மே 10, ஞாயிறு

வெள்ளிக்கிழமையே கேட்டார்கள். ஆறு பேர் நாங்களாகப் போனோம். பள்ளி திறக்கத்தானே போகிறது, நோட்டுப் போய்ச் சேரவேண்டாமா? செல்லபாய் இல்லை. யாரும் அவள் பெயரைக் கூப்பிடவில்லை.

மே 24, ஞாயிறு

இன்று நானும் முடியாது என்று சொல்லியிருந்தேன். மூன்று மணிக்கு வாசலில் செல்லபாய், கோவிலுக்குப் போன புடவையோடு. கூட ஜெயன். இவ்வளவு கேலி செய்திருக்கிறோம், ஆளை இன்றுதான் பார்க்கிறேன். குள்ளம். அடுப்புச் சூட்டில் முன்கை முடியெல்லாம் பொசுங்கிப் போயிருந்தது. தாளில் சுற்றி ஒரு ரொட்டி கொண்டுவந்திருந்தார். என்னிடம் பேசவேண்டியதைக்கூட அவளைப் பார்த்துத்தான் பேசினார். இவருக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. மாவு ஏன் புளிக்கிறது, ஆணி ஏன் துருப்பிடிக்கிறது என்று இரண்டு பேர் பேச்சும் போய்க்கொண்டே இருந்தது. செல்லபாய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் நானும்.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கண் கடிகாரத்துக்கே போனது. வாரத்தில் இவர்களுக்கு இருப்பதே ஒரு பகல். அதில் இரண்டு மணி நேரத்தை எடுத்து எங்களுக்குக் கொண்டுவந்திருக்கிறார்களே! இன்னும் கொஞ்சம் இருக்கோம் எக்கா என்றாள். ஐந்து அடித்ததும் நானே எழுந்துபோய்ச் செருப்பை வாசல் பக்கம் திருப்பி வைத்தேன். போங்க, போங்க என்று விரட்டாத குறை.

ஆட்டோ வேண்டாம் என்று நடந்தே போனார்கள். தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தேன். இரண்டு பேரில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.